கத்ரை முழுமையாகச் சொல்லுங்கள்: சென்னைப் பள்ளிவாசல்களின் கத்தீபுகளுக்கும் இமாம்களுக்கும் ஒரு திறந்த மடல்

கண்ணியத்திற்குரிய ஆலிம் பெருமக்களே,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

திருவல்லிக்கேணி முதல் தண்டையார்பேட்டை வரை, மண்ணடி முதல் பல்லாவரம் வரை, இந்த மாநகரின் பள்ளிவாசல்களில் வெள்ளிதோறும் மிம்பர் என்னும் உரைமேடை ஏறும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். நான் ஆலிம் அல்லன். வட சென்னையில் ஒரு மஹல்லாவில், மய்யித்துகளைக் (இறந்தோரின் உடல்களை) குளிப்பாட்டிக் கஃபன் துணியிடும் பணியில் நீண்ட காலமாக உடன் நிற்பவன். ஆகவே ஜனாஸா வீடுகளிலும் கபர்ஸ்தானிலும் நீங்கள் பேசுவதை மற்றவர்களைவிட அதிகமாகக் கேட்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. அந்த இடங்களில் உங்கள் பேச்சு பெரும்பாலும் அல்லாஹ்வின் நிர்ணயமான களா கத்ரைச் சுற்றியே அமைகிறது, அமையவும் வேண்டும். அதை நீங்கள் எந்த இடத்தில் சொல்கிறீர்கள், எந்த இடத்தில் நிறுத்திவிடுகிறீர்கள் என்பது பற்றித்தான் என் வேண்டுகோள்.

நேர்ந்துவிட்ட துயரத்தைத் தாங்கிக்கொள்வதற்குக் கத்ரைச் சொல்லுங்கள். மனிதன் செய்த தவறுக்கும் கவனக்குறைவுக்கும் அநீதிக்கும் அதைச் சமாதானமாகச் சொல்லாதீர்கள். இரண்டும் ஒரே மரணத்தில் கலந்திருக்கும்போது, இரண்டையும் பிரித்து, இரண்டையும் சொல்லுங்கள். இதற்கு மேல் புதிதாக எதையும் நான் கேட்கவில்லை; நீங்கள் மதரஸாவில் ஓதிய பாடத்தை மக்களிடம் முழுமையாகக் கொண்டுவாருங்கள் என்று மட்டுமே கேட்கிறேன்.

கத்ரை மறுக்கிறவனாக என்னை யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதால் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நிர்ணயப்படியே என்பது ஈமானின் ஆறு அடிப்படைகளில் ஒன்று. பஸராவில் மஅபத் அல்-ஜுஹனீ என்பவர் கத்ர் என்று ஒன்று இல்லை எனப் பேசத் தொடங்கியபோது, யஹ்யா இப்னு யஅமரும் ஹுமைத் இப்னு அப்திர் ரஹ்மானும் மக்காவுக்கு வந்து அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டதும், அத்தகையோரிடமிருந்து தாம் விலகியவர் என்றும், உஹத் மலையளவு தங்கத்தைச் செலவழித்தாலும் கத்ரை நம்பாதவரிடமிருந்து அது ஏற்கப்படாது என்றும் அவர்கள் சொன்னதும் ஸஹீஹ் முஸ்லிமில் ஈமான் பாடத்தின் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்கிறது. ஜிப்ரீல் (அலை) வந்து கேள்வி கேட்ட அந்தப் புகழ்பெற்ற ஹதீஸே இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அங்கே அறிவிக்கப்படுகிறது. அந்த நம்பிக்கையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. பிள்ளையை இழந்த தாயை, இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன் என்ற வாக்கியத்தைத் தவிர வேறு எதுவும் எழுந்து உட்கார வைக்காத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆறுதலைக் குறைத்துச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வராது.

ஆனால் வேறொன்றையும் பார்த்திருக்கிறேன். இருபதைத் தாண்டாத ஒரு பையன் இருசக்கர வாகனத்தில் போய் லாரியில் மோதி இறந்தான். அரசு மருத்துவமனைப் பிணவறையிலிருந்து உடல் வந்து சேர மாலையாகிவிட்டது. தலையில் போட்டிருந்த தையல் பிரிந்துவிடாமல், ஒருவர் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் குவளையால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினோம். உடலில் வேறெங்கும் பெரிய காயம் இல்லை. அவனுடைய ஹெல்மெட் வண்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டியபடியே இருந்ததாம். ஒரு கீறலும் இல்லாமல் வீட்டுக்கு வந்து, பீரோவின் மேல் இருந்தது. அடக்கம் முடிந்ததும் கபர்ஸ்தானில் பேசிய ஹஜ்ரத், ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு தவணை உண்டு, அது வந்துவிட்டால் ஒரு நொடி முந்தவும் மாட்டார்கள், பிந்தவும் மாட்டார்கள் என்ற அஃராஃப் அத்தியாயத்தின் வசனத்தை ஓதி, அவனுடைய ஹயாத் (ஆயுள்) அவ்வளவுதான் என்றும், பொறுமை கொள்ளுங்கள் என்றும் சொல்லி துஆ ஓதி முடித்தார். அவர் ஓதியது அல்லாஹ்வின் வார்த்தை. அதில் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் எனக்குப் பின்னால் நின்ற அவனுடைய நண்பர்களில் ஒருவன், “ஹெல்மெட் போட்டிருந்தாலும் போயிருப்பான்டா” என்று அடுத்தவனிடம் சொன்னதைக் கேட்டேன். பிறகு அவர்கள் வண்டிக்கு மூவராக ஏறி, ஒருவர் தலையிலும் கவசமில்லாமல், கபர்ஸ்தான் வாசலைத் தாண்டிப் போனார்கள்.

ஹஜ்ரத் சொல்லாததை அந்தப் பையன் முடித்துக்கொண்டான். அஜல் (மரணத் தவணை) மாறாது என்ற பாதி உண்மையோடு பேச்சு நின்றுவிட்டதால், மீதியை அவன் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டான்.

அந்த மீதி என்ன என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர். மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் தலையில் இரும்புக் கவசம் அணிந்தவர்களாக நகருக்குள் நுழைந்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உஹத் போரில் அவர்களுடைய தலைக்கவசம் தலையிலேயே உடைந்தது, பல் உடைந்தது, முகத்தில் இரத்தம் வழிந்தது. தம் அஜல் எழுதப்பட்டது என்பதை அவர்களைவிட உறுதியாக நம்பியவர் யார்? அந்த நம்பிக்கை அவர்கள் தலையிலிருந்து கவசத்தைக் கழற்றவில்லை. ஹிஜ்ரத்தின்போது மதீனா இருக்கும் வடதிசையை விட்டுத் தெற்கே ஸவ்ர் குகைக்குப் போய்த் தங்கியதும், வழிகாட்டியாக முஸ்லிமல்லாத ஒருவரைக் கூலிக்கு அமர்த்தியதும் அல்லாஹ்வையே சார்ந்திருக்கும் அதே தவக்குலின் பகுதிதான். அன்று கபர்ஸ்தானில் அந்த வசனத்துக்குப் பிறகு, ‘நம் நபியும் தலைக்கவசம் அணிந்தார்கள்’ என்ற ஒரு வாக்கியம் சேர்ந்திருந்தால், அந்த நண்பர்களில் ஒருவனாவது யோசித்திருப்பான். இறந்தவனின் குடும்பத்தை அது குத்தியிருக்காது; அது இருப்பவர்களுக்கான பேச்சு. தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் நீதிமன்ற உத்தரவின்படி ஹெல்மெட் கண்டிப்பாக்கப்பட்டது. ஆனால் நம் பிள்ளைகள் போலீஸ்காரரைக் கண்டால் அணிந்து, தாண்டியதும் கழற்றி மாட்டுகிறார்கள். அவர்களிடம் சட்டத்தால் முடியாததை மிம்பரால் செய்ய முடியும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

துயரத்துக்குக் கத்ர், தவறுக்குக் கத்ர் அல்ல என்ற இந்தப் பிரிவினையை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆதமும் மூஸாவும் (அலை) வாதம் செய்த ஹதீஸை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களைச் சுவர்க்கத்திலிருந்து வெளியேற்றியவர் நீங்கள்தானே என்று மூஸா கேட்க, நான் படைக்கப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அல்லாஹ் என் மீது எழுதிவிட்ட ஒன்றுக்காக என்னைப் பழிக்கிறீர்களா என்று ஆதம் திருப்பிக் கேட்டு வாதத்தில் வென்றார்கள். இதை மேலோட்டமாகக் கேட்பவர், பாவத்துக்குக் கத்ரைச் சாக்காகச் சொல்லலாம் போலும் என்று எண்ணிவிடக் கூடும். இப்னு தைமிய்யா (மறைவு 1328) இதற்குக் கொடுத்த விளக்கத்தில் அந்தச் சிக்கல் தீர்கிறது: மூஸா எழுப்பியது வெளியேற்றம் என்ற துன்பத்தைப் பற்றிய கேள்வி, துன்பத்துக்குக் கத்ரைப் பதிலாகச் சொல்வது சரியே, பாவத்துக்கு அதைச் சொல்லக் கூடாது. இப்னு தைமிய்யாவின் வேறு பல கருத்துகளில் உங்களில் பெரும்பாலோருக்கு உடன்பாடில்லை என்பதை அறிவேன். ஆனால் இந்த இடத்தில் அவருக்கு முன்னரே குர்ஆன் நமக்கு வழி காட்டிவிட்டது. மரத்தின் கனியை உண்டது பற்றி ஆதம் (அலை) அல்லாஹ்விடம் பேசியபோது, நீ எழுதியதுதானே என்று சொல்லவில்லை. “எங்கள் இறைவா, எங்களுக்கு நாங்களே அநீதி இழைத்துக்கொண்டோம்” என்றார்கள். அதே அத்தியாயத்தில், சில வசனங்களுக்கு முன்னால், “நீ என்னை வழிகெடுத்ததால்” என்று தன் குற்றத்தை அல்லாஹ்வின் பக்கம் தள்ளியவன் இப்லீஸ். இந்த இரண்டு பதில்களையும் அடுத்தடுத்து ஓதிக்காட்டி ஒரு ஜும்ஆ பயான் செய்தால் போதும், எந்தச் சாமானியனுக்கும் விஷயம் விளங்கிவிடும்.

குர்ஆன் இதே வாதத்தை இன்னும் இரண்டு இடங்களில் வேறு வாய்களில் வைத்துக் காட்டுகிறது. அல்லாஹ் நாடியிருந்தால் நாங்கள் இணை வைத்திருக்க மாட்டோம் என்று அன்ஆம் அத்தியாயத்தில் சொல்பவர்கள் இணைவைப்போர். அல்லாஹ் உங்களுக்கு வழங்கியதிலிருந்து செலவு செய்யுங்கள் என்று கேட்கப்படும்போது, அல்லாஹ் நாடியிருந்தால் தானே உணவளித்திருப்பான், அவருக்கு நாங்களா உணவளிப்பது என்று யாஸீன் அத்தியாயத்தில் கேட்பவர்கள் நிராகரிப்போர். யாஸீனை மய்யித் வீட்டில் ஓதாத நாள் இல்லை. அதில் இந்த வசனத்தைக் கடக்கும்போதெல்லாம், ஏழையின் பசிக்கு அல்லாஹ்வின் நாட்டத்தைக் காரணம் காட்டுவது யாருடைய பேச்சு என்பதை நாம் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இறைக்கொள்கையை ஆராய்ந்த கலாம் இமாம்கள் இந்தக் கேள்வியில் உழைத்த உழைப்பை நினைக்கும்போது, அதை நாம் எவ்வளவு எளிதாக வீணாக்குகிறோம் என்ற வேதனைதான் மிஞ்சுகிறது. உமையா வம்சத்தின் காலத்தில் ஆட்சியாளர்கள் முஸ்லிம்களின் இரத்தத்தைச் சிந்தி, அவர்களுடைய பொருளைப் பறித்துவிட்டு, எங்கள் செயல்கள் அல்லாஹ்வின் கத்ரின்படிதான் நடக்கின்றன என்று சொல்வதாக ஹஸன் அல்-பஸரீ (ரஹ்) அவர்களிடம் முறையிடப்பட்டபோது, அல்லாஹ்வின் எதிரிகள் பொய் சொன்னார்கள் என்று அவர்கள் பதில் சொன்னதாக இப்னு குதைபா (மறைவு 889) பதிவு செய்திருக்கிறார். முறையிட்டவர்களில் மேலே சொன்ன மஅபதும் ஒருவர். கத்ரையே மறுக்கும் தவறான எல்லைக்கு அவர் போனார் என்பது உண்மை. ஆனால் கத்ரை அநீதிக்குக் கேடயமாக்கிய பேச்சு அவர் காலத்தில் காற்றில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரலாறு முழுமை பெறும். ஒரு பக்கம் கத்ரை மறுத்த கதரிய்யாக்கள். மறுபக்கம் ஜஹ்ம் இப்னு ஸஃப்வான். மரம் அசைந்தது, சூரியன் மறைந்தது என்று சொல்வது எப்படியோ, அப்படித்தான் மனிதன் செய்தான் என்பதும், உண்மையில் அவனிடம் செயலும் இல்லை, தேர்வும் இல்லை என்பது ஜஹ்மின் கொள்கை. 746-இல் அவர் கொல்லப்பட்டார். அவருடைய கொள்கையை ஜபரிய்யா என்று பெயரிட்டு அஹ்லுஸ் ஸுன்னா ஒதுக்கிவைத்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே நின்றவர்களின் வழியைத்தான் இன்று சென்னையில் நீங்கள் பின்பற்றுகிறீர்கள். ஷாஃபி பள்ளிவாசல்களில் அஷ்அரீ இமாமின் வழி. ஹனஃபி பள்ளிவாசல்களில் மாதுரீதி இமாமின் வழி. அபுல் ஹஸன் அல்-அஷ்அரீ (மறைவு சுமார் 936) நாற்பது வயதையொட்டிய காலம் வரை மனிதனே தன் செயலைப் படைக்கிறான் என்ற முஃதஸிலாக்களின் பள்ளியில் அல்-ஜுப்பாயீயிடம் பாடம் கேட்டவர்; பிறகு அதை விட்டு வெளியேறி, படைப்பவன் அல்லாஹ் ஒருவனே, மனிதனின் செயலையும் அவனே படைக்கிறான், ஆனால் மனிதன் அந்தச் செயலைத் தனதாக்கிச் சம்பாதிக்கிறான் என்று ‘கஸ்பு’ கொள்கையை நிலைநாட்டினார். இதற்கு அவர் காட்டிய சான்று எந்தத் தத்துவமும் படிக்காதவனுக்கும் புரியும்: காய்ச்சலில் நடுங்கும் உடலின் அசைவுக்கும், தானே எழுந்து போய்வருகிறவனின் அசைவுக்கும் உள்ள வேறுபாட்டை மனிதன் தனக்குள்ளேயே அறிகிறான். இரண்டையும் படைத்தவன் அல்லாஹ்தான். ஆனால் முன்னதற்கு அவன் கேள்வி கேட்கப்பட மாட்டான், பின்னதற்குக் கேட்கப்படுவான். ஸமர்கந்தின் அபூ மன்ஸூர் அல்-மாதுரீதி (மறைவு 944) மனிதனின் தேர்வுக்கு இன்னும் கூடுதலான இடம் கொடுத்தார். இமாம் அபூ ஹனீஃபாவின் வழியில், ஒரே ஆற்றல் எதிரெதிரான இரண்டு செயல்களுக்கும் தகுதியானது என்று அந்தப் பள்ளி சொல்கிறது. பிரேக்கை அழுத்தவும், அழுத்தாமல் விடவும் ஒரே காலுக்கு வலு உண்டு என்று நம் ஊர்ப் பேச்சில் சொல்லலாம். அல்லாஹ் முன்பே அறிந்திருப்பதால் நாம் நிர்ப்பந்திக்கப்பட்டோம் என்ற மயக்கத்துக்கும், அறிவு என்பது அறியப்படுவதைத் தொடர்ந்து நிற்பது, அது எதையும் யார்மீதும் திணிப்பதில்லை என்று கலாம் அறிஞர்கள் பதில் சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவையும் ஓதிய நீங்கள் இருக்கும் நகரத்தில், மய்யித் வீடுகளிலும் டீக்கடைகளிலும் புழங்கும் பேச்சு அஷ்அரீயுடையதாகவும் இல்லை, மாதுரீதியுடையதாகவும் இல்லை. அது ஜஹ்முடையதாக இருக்கிறது. உங்கள் வாயிலிருந்து அது வந்ததாக நான் சொல்லவில்லை. நீங்கள் பாதியில் நிறுத்திய இடத்தில் அது முளைத்திருக்கிறது.

ஹெல்மெட் போடாத பையன் தனக்குத்தானே தீங்கு செய்துகொண்டான். தீங்கு இன்னொருவரால் வரும்போது இந்தப் பாதிப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றும் லிஃப்டின் கம்பி அறுந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். கம்பி நைந்துபோயிருப்பதாக அங்கே வேலை செய்தவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். கஃபன் செலவையும் வீட்டுக்கு ஒரு மாத மளிகையையும் முதலாளி ஏற்றுக்கொண்டார். பிறகு இழப்பீடு பற்றி இறந்தவருடைய மனைவியின் தம்பி பேச்செடுத்தபோது, ஜமாஅத் அலுவலகத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து, நஸீபில் (விதியில்) இருந்தது நடந்துவிட்டது, கேஸ் என்று போனால் அல்லாஹ்வின் களாவைப் பொருந்திக்கொள்ளாதது போலாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தையோடு வாசலுக்கு வெளியே நின்றிருந்த அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த அறையில் நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனத்தை ஓத ஒருவர் இருந்திருக்க வேண்டும். வேண்டுமென்றே இல்லாமல், தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டால்கூட, பரிகாரமும் உண்டு, இறந்தவரின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட வேண்டிய தியத் என்னும் உயிரிழப்பீடும் உண்டு என்று அல்லாஹ் அதில் சட்டமாக்குகிறான். கொல்லப்பட்டவரின் அஜல் முடிந்துவிட்டது என்பது அந்தச் சட்டத்தை இறக்கியவனுக்குத் தெரியாததா? குடும்பத்தார் தாமாக விட்டுக்கொடுத்தால் ஒழிய என்று அதே வசனம் சொல்கிறது. விட்டுக்கொடுக்கும் உரிமை குடும்பத்தாருடையது, ஜமாஅத் பெரியவர்களுடையது அல்ல. பொதுவழியில் ஒருவன் பள்ளம் தோண்டி, அதில் இன்னொருவன் விழுந்து இறந்தால் தோண்டியவன் பக்கம் தியத் கடமையாகும் என்று ஃபிக்ஹு நூல்களில் படித்திருக்கிறீர்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவன் பொறுப்பாளி என்ற ஹதீஸ் அபூ தாவூதில் இருக்கிறது. கவனக்குறைவுக்கு விலை வைக்கும் மார்க்கம் இது. நம் நாட்டிலும் 1923-ஆம் ஆண்டிலிருந்தே ஊழியர் இழப்பீட்டுக்கென்று சட்டம் இருக்கிறது. சாலை விபத்துகளுக்கு இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. அவற்றை நாடுவது களாவைப் பொருந்திக்கொள்ளாதது ஆகாது என்று ஒரு கத்தீப் பகிரங்கமாகச் சொன்னால், ஏழை வீடுகள் பல அதனால் நிமிர்ந்து நிற்கும்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமையாக நடக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிப் புகார் சொல்ல வருகிற பெண்ணிடம், உன் நஸீப் அப்படி, ஸப்ரு செய் என்று சொல்லி அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) தம் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். அறியாமைக் கால வழக்கப்படி, நீ என் தாயின் முதுகைப் போன்றவள் என்று சொல்லிக் கணவர் அவரை ஒதுக்கிவைத்திருந்தார். அல்லாஹ் என்ன செய்தான்? உம்மிடம் தன் கணவனைப் பற்றி வாதிட்டவளின் பேச்சை அல்லாஹ் கேட்டுவிட்டான் என்று தொடங்கி ஒரு சட்டத்தையே இறக்கினான். அவருடைய முறையீட்டின் பெயராலேயே அந்த அத்தியாயம் முஜாதலா என்று அழைக்கப்படுகிறது. முறையிட்ட பெண்ணை அல்லாஹ் வாயடைக்கவில்லை. நாம் எந்தத் துணிவில் அடைக்கிறோம்?

மிம்பரிலிருந்து இதைச் சரியாகச் சொல்ல முடியும் என்பதற்கு நீங்களே சாட்சி. 2020-இல் கொரோனா வந்து பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது, ஜும்ஆவை விட்டுவிட்டு வீட்டில் உட்காருவது ஈமானின் குறையோ என்று எங்கள் பகுதியில் பலர் தவித்தார்கள். அப்போது எங்கள் ஹஜ்ரத் கைப்பேசியில் குரல் பதிவாக அனுப்பியது ஸர்க் என்னும் இடத்தில் நடந்த நிகழ்ச்சி. ஷாம் (சிரியா) நாட்டுக்குப் புறப்பட்டுப் போன கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு, அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி ஸர்க்கில் கிடைக்கிறது. முஹாஜிர்களை அழைத்து ஆலோசிக்கிறார்கள், கருத்து இரண்டாகப் பிரிகிறது. அன்ஸாரிகளை அழைக்கிறார்கள், அங்கும் அப்படியே. பிறகு குறைஷிகளின் முதியவர்களை அழைக்க, அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடச் சொல்கிறார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்கிறார்கள். “இதை நீங்கள் அல்லாமல் வேறொருவர் சொல்லியிருக்கக் கூடாதா, அபூ உபைதாவே! ஆம், அல்லாஹ்வின் கத்ரிலிருந்து அல்லாஹ்வின் கத்ருக்கே போகிறோம்” என்கிறார்கள் உமர். பிறகு அவர்கள் கேட்ட கேள்வியில்தான் எத்தனை தெளிவு: ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை செழித்தும் மறு கரை காய்ந்தும் கிடந்தால், செழித்த பக்கம் உங்கள் ஒட்டகங்களை மேய்த்தாலும் அல்லாஹ்வின் கத்ரின்படிதானே மேய்க்கிறீர்கள், காய்ந்த பக்கம் மேய்த்தாலும் அவன் கத்ரின்படிதானே? நோய் பரவிய ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் தப்பியோடாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து சொன்னபோது உமர் அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள். அபூ உபைதா தம் படையோடு ஷாமில் இருந்து, அம்வாஸ் கொள்ளை நோயில் 639-இல் வஃபாத்தானார்கள். இருவரையும் நாம் நேசிக்கிறோம். ஆனால் தலைவராகப் பொறுப்பில் இருந்தவர் எடுத்த முடிவு எது என்பதையும் கவனிக்கிறோம்.

அந்தக் குரல் பதிவைக் கேட்டபின் எங்கள் தெருவில் ஒருவரும் குழப்பமடையவில்லை. கொரோனாவுக்குச் சொன்ன அதே பாடத்தை ஹெல்மெட்டுக்கும், நைந்துபோன லிஃப்ட் கம்பிக்கும், வாரக்கணக்கில் மூடாமல் கிடக்கும் தெருப் பள்ளத்துக்கும் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் இளைஞர்கள் பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டு, மதம் பாராமல் சமைத்துப் போட்டுக் காட்டியதும் இந்தப் பாடம்தான். ஆனால் அதன் பிறகு நடந்த பயான்களில், மழை அல்லாஹ்வின் சோதனை என்பதோடு நின்றுவிட்டவை அதிகம்; ஏரியையும் கால்வாயையும் ஆக்கிரமித்துக் கட்டிய நம்மவர்களைப் பார்த்து, உங்களைத் தீண்டும் துன்பம் உங்கள் கரங்கள் சம்பாதித்ததால்தான் என்ற ஷூரா அத்தியாயத்தின் வசனத்தை நீட்டியவை குறைவு.

மக்தப் என்னும் மார்க்க வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாம் எழுதப்பட்டுவிட்டதென்றால் எங்களுக்கு எதற்குக் கேள்வி கணக்கு என்று பத்து வயதுப் பிள்ளை கேட்டால், இதைப் பற்றியெல்லாம் கேட்கக் கூடாது என்று உஸ்தாத் அதட்டி உட்கார வைக்கிறார். கத்ரைப் பற்றி ஸஹாபாக்கள் தர்க்கம் செய்துகொண்டிருந்ததைக் கண்டு நபி (ஸல்) அவர்களின் முகம் மாதுளை முத்துகளைப் பிழிந்தது போலச் சிவந்தது என்ற திர்மிதீயின் அறிவிப்பை அவர் மனத்தில் வைத்திருக்கலாம். கத்ரின் அடி ஆழம் அல்லாஹ்வின் இரகசியம் என்று இமாம் தஹாவீ (மறைவு 933) எழுதியதும் உண்மையே. ஆனால் தர்க்கம் வேறு, கேள்வி வேறு. பகீஃ கபர்ஸ்தானில் ஒரு ஜனாஸாவுக்காகக் கூடியிருந்தபோது, கையிலிருந்த குச்சியால் தரையைக் கீறியபடி, உங்களில் ஒவ்வொருவருக்கும் சுவர்க்கத்திலோ நரகத்திலோ இடம் எழுதப்பட்டுவிட்டது என்று நபியவர்கள் சொன்னார்கள் என அலீ (ரலி) அறிவிக்கிறார்கள். அப்படியானால் அதை நம்பி நாங்கள் அமல்களை விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். அந்தப் பிள்ளை கேட்பதும் இதே கேள்விதான். அவரை யாரும் அதட்டவில்லை. “செயல்படுங்கள், ஒவ்வொருவருக்கும் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது எளிதாக்கப்படும்” என்ற பதிலும், அதோடு வல்லைலி அத்தியாயத்தின் வசனங்களும் அவருக்குக் கிடைத்தன. இன்று பிள்ளையை அதட்டி அனுப்பினால், அது பதிலைக் கைப்பேசியில் தேடிக்கொள்ளும். அங்கே யார் பதில் சொல்வார் என்பது நம் கையில் இல்லை.

உங்கள் தரப்பிலிருந்து எழக்கூடிய ஒரு தயக்கத்தை நான் மதிக்கிறேன். துக்க வீட்டில் காரணங்களைப் பேசத் தொடங்கினால், அப்படிச் செய்திருந்தால், இப்படிச் செய்திருந்தால் என்று குடும்பத்தார் ஆயுள் முழுவதும் வெந்துகொண்டே இருப்பார்கள். ‘அப்படிச் செய்திருந்தால்’ என்பது ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கிறது என்று நபியவர்களே தடுத்திருக்கிறார்களே என்பீர்கள். முஸ்லிமில் வரும் அந்த ஹதீஸை அதன் தொடக்கத்திலிருந்து ஓதிப் பாருங்கள். உனக்குப் பயனளிப்பதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாகிவிடாதே என்பது முதலில் வருகிறது. ஏதேனும் நேர்ந்துவிட்டால், அல்லாஹ் நிர்ணயித்தான், அவன் நாடியதைச் செய்தான் என்று சொல் என்பது அதன் பிறகே வருகிறது. முயற்சி முன்னே, கத்ர் பின்னே என்ற வரிசையை நபியவர்களே அமைத்திருக்கிறார்கள். நாம் முன்பாதியை ஓதாமல் பின்பாதியை மட்டும் ஓதுகிறோம். அதே நாளில், அதே கூடத்தில் எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தாயிடம் ஆறுதல் மட்டும் போதும். கபர்ஸ்தானில் நிற்கும் இளைஞர்களிடம் அடுத்த வாக்கியத்தையும் சொல்லுங்கள். முதலாளியிடம் 92-ஆம் வசனத்தைச் சொல்லுங்கள். அதை ஜமாஅத் அலுவலகத்தில் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் சம்பளமும் தங்குமிடமும் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. பள்ளிவாசல் நிர்வாகிகளான முத்தவல்லிகளும் இந்த மடலைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். உண்மையைச் சொன்ன இமாமின் வேலைக்கு ஆபத்து வராது என்ற உறுதியை அவர்கள் தர வேண்டும்.

நம் மஹல்லாவில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், தொழிற்சங்கத்தில் அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். வேலையிடத்திலோ சாலையிலோ ஒருவர் இறந்தால், மூன்றாம் நாளுக்குள் அந்தக் குடும்பத்தைச் சந்தித்து அவர்களுக்குள்ள உரிமைகளை விளக்க ஜமாஅத்தின் சார்பில் இருவரை நியமிக்குமாறு எங்கள் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். மற்ற மஹல்லாக்களிலும் இதைக் கேட்க நீங்கள் குரல் கொடுங்கள். மக்தப் பிள்ளைகள் கத்ரைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை எழுதித் தொகுத்துத் தரவும் நான் தயாராக இருக்கிறேன். ஷாஃபி, ஹனஃபி ஆலிம்கள் சேர்ந்து உட்கார்ந்து, பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் பதில் எழுதித் தாருங்கள். வரும் ரபீஉல் அவ்வல் மாத பயான்களில், நபியவர்கள் தலைக்கவசத்தோடு மக்காவுக்குள் நுழைந்த செய்திக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
வட சென்னை மஹல்லாவாசி ஒருவர்